ஓர் ஊரின் நடை தளர்ந்தபோது



வேலையைப் பற்றி வரும் கடிதங்களில் ஒரு வகை என்னை மிகவும் கலங்கவைக்கிறது. எழுதுபவர் பெரும்பாலும் ஒரு தாயாகவோ மனைவியாகவோ இருப்பார். கம்பெனியில் ஆட்குறைப்பு, வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நம்பிக்கையோடு தொடங்கும் கடிதம், இரண்டாம் பக்கத்தில் தொனி மாறிவிடும். காலையில் எழுவதில்லை, சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை, விண்ணப்பம் போடச் சொன்னால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்கிறார், முன்பெல்லாம் இப்படி இல்லை, இப்போது சோம்பேறியாகிவிட்டார், இவரை எப்படித் திருத்துவது? இந்தக் கேள்விக்கு இந்த மாதம் பதில் எழுத நினைத்தேன். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஊரே தன் வாழ்க்கையால் எழுதிவைத்த பதில் ஒன்று இருக்கிறது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவுக்குத் தென்கிழக்கே, கிராமட்நாய்சீடல் என்ற ஊரை ஒட்டி, ஃபிஷா ஆற்றங்கரையில் மரியென்தால் என்று ஒரு தொழிலாளர் குடியிருப்பு. 1830-ல் அங்கே ஒரு நூற்பாலை வந்தது. ஆலை பெருகப் பெருக ஊரும் பெருகியது. நூற்பு, நெசவு, வெளுப்பு, அச்சு எல்லாம் ஒரே இடத்தில். தாத்தா வேலை பார்த்த ஆலையில் பேரனும் பேத்தியும் வேலை பார்த்தார்கள். கால்பந்துக் குழு, நாடகக் குழு, நூலகம், அரசியல் கூட்டங்கள், நடனம் என்று மாலை நேரங்கள் கலகலப்பாக இருந்த ஊர் அது.

1929 கோடையில் நூற்புப் பிரிவை மூடினார்கள். அச்சும் வெளுப்பும் அடுத்தடுத்து நின்றன. 1930 பிப்ரவரியில் தறிகளும் ஓய்ந்தன. அதோடு விடவில்லை, கட்டடங்களையும் இடிக்கத் தொடங்கினார்கள். வீட்டு ஜன்னலைத் திறந்தால், நேற்றுவரை தாம் நின்று வேலை பார்த்த இடம் இடிபாடாகக் கிடப்பதைப் பார்க்க வேண்டும். ஊரில் 478 குடும்பங்கள், 1,486 பேர். முக்கால்வாசிக் குடும்பங்கள் அரசின் உதவித்தொகையை மட்டுமே நம்பி வாழும் நிலைக்கு வந்தன.

அந்த ஊருக்கு 1931-ன் கடைசியில் வியன்னாவிலிருந்து ஓர் இளைஞர் குழு வந்தது. பால் லாசர்ஸ்ஃபெல்ட், மரீ யஹோடா, ஹான்ஸ் சைசல் ஆகியோர் அதன் முக்கியமானவர்கள். யஹோடாவுக்கு அப்போது வயது 24. முதலில் இவர்கள் தொழிலாளர்களின் ஓய்வுநேரத்தைப் பற்றித்தான் ஆராய நினைத்திருந்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் தலைவர்களில் ஒருவரான ஓட்டோ பாவர் அதைக் கேட்டுக் கடிந்துகொண்டார். இத்தனை பேர் வேலையில்லாமல் தவிக்கும் காலத்தில் ஓய்வைப் பற்றி ஆராய்ச்சியா, வேலையின்மையைப் போய்ப் பாருங்கள் என்றார். போனார்கள்.

எனக்கு இந்தக் குழுவின் மேல் தனி மரியாதை உண்டு. குறிப்பேட்டோடு போய் வேடிக்கை பார்க்கக் கூடாது, ஊருக்குள் போகிற ஒவ்வொருவரும் ஊருக்குப் பயன்படும் ஒரு காரியத்தையும் செய்ய வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். வியன்னாவில் ஏறத்தாழ 200 கிலோ துணி திரட்டி வந்து கொடுத்தார்கள். மருத்துவர்களை அழைத்து வந்து இலவசமாக வைத்தியம் பார்க்கவைத்தார்கள். தையல் வகுப்பு நடத்தினார்கள். துணி கொடுப்பதற்காக வீடு வீடாகப் போனபோது, யாருக்கு என்ன தேவை என்று கேட்டபோது, மனிதர்கள் தாமாகவே மனம் திறந்தார்கள்.

வேலை போனால் நேரம் கிடைக்கும். நேரம் கிடைத்தால் படிப்பார்கள், கூடிப் பேசுவார்கள், கோபப்பட்டுப் போராடக்கூடச் செய்வார்கள் என்றுதான் நாமும் நினைப்போம். மரியென்தாலில் நடந்தது வேறு. நூலகத்தில் புத்தகம் எடுக்கக் கட்டணம் இல்லை என்று ஆக்கிய பிறகும், 1929-க்கும் 1931-க்கும் இடையில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அரசியல் செய்திகளுக்குப் பேர்போன சமூக ஜனநாயகக் கட்சி நாளிதழை வாங்குவோர் பாதிக்கும் கீழே போனார்கள். முன்பு ஊரார் பார்த்துப் பார்த்துப் பராமரித்த பூங்காவில் புல் மண்டியது. அடுத்த வீட்டுக்காரர் உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு திருட்டுத்தனமாக வேலையும் பார்க்கிறார் என்ற புகார்கள் கூடின. விசாரித்தால் பெரும்பாலானவை பொய்ப் புகார்கள். ஒற்றுமைக்குப் பெயர்பெற்ற ஊரில்தான் இது.

இனி நான் சொல்லப்போவது அந்த ஆய்வில் என்னை மிகவும் பாதித்த பகுதி. ஆய்வாளர்கள் ஒரு ஜன்னலுக்குப் பின்னால் மறைந்து நின்று, ஊரின் பிரதான தெருவில் நடப்பவர்களைக் கவனித்தார்கள். கையில் கடிகாரம். சுமார் 300 மீட்டர் தூரம். அதற்குள் ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குறைந்தது இரண்டு முறையாவது நின்றார்கள். நிற்காமல் போய்ச் சேர்ந்தவர் பத்தில் ஒருவர்தான். பெண்களின் நடை அவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகம். ஆண்கள் எதற்காக நின்றார்கள்? எதற்காகவும் இல்லை. போய்ச் சேர வேண்டிய இடம் இல்லாதவர்களுக்கு நடுவில் நிற்பதும் நடப்பதும் ஒன்றுதான்.

அவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, நேற்று ஒவ்வொரு மணி நேரமும் என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். எழுந்தது, மதியம் சாப்பிட்டது, படுத்தது என்ற மூன்றைத் தவிர ஆண்களால் பெரிதாக ஒன்றும் எழுத முடியவில்லை. சோம்பியிருந்ததை மறைத்தார்கள் என்று நினைக்காதீர்கள். உண்மையிலேயே நினைவில்லை. நினைவில் தங்கும்படி அந்த மணிநேரங்களில் எதுவும் நடக்கவில்லை. கைக்கடிகாரம் கட்டும் பழக்கமே பெரும்பாலான ஆண்களிடம் போய்விட்டது. சாப்பாட்டு நேரத்துக்குக்கூட வருவதில்லை, அப்படி என்னதான் வெட்டி முறிக்கிறாரோ என்று மனைவிமார்கள் குறைபட்டுக்கொண்டார்கள். கடிதங்களில் நான் படிக்கும் அதே குறை.

பெண்களுக்கு மட்டும் நடையில் ஏன் அந்த வேகம்? அவர்களுக்குச் சம்பளம் போயிருந்தது, வேலை போகவில்லை. அடுப்பு, துணி, பிள்ளைகள், குறைந்த காசில் வீட்டை ஓட்டும் கணக்கு எல்லாம் அப்படியே இருந்தன. ஆலை ஓடிய நாட்களில் அதே பெண்கள் பகலில் தறியிலும் இரவில் வீட்டிலுமாக இடுப்பொடிய உழைத்தவர்கள். அப்படியிருந்தும், ஆலை திறந்தால் மறுபடியும் போவீர்களா என்று கேட்டபோது, போவோம் என்றார்கள் பலர். காசுக்காக மட்டும் இல்லை, அங்கே நாலு பேரைப் பார்க்கலாம், பேசலாம் என்றார்கள்.

இன்னொரு சிறிய செய்தியையும் சொல்லிவிடுகிறேன். ஊர்க்காரர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் தோட்ட நிலம் இருந்தது. உருளைக்கிழங்கு போட்டால் வயிறு நிறையும். ஆனால் சில பாத்திகளில் பூச்செடிகள் இருந்தன. கணக்குப் பார்ப்பவருக்கு இது ஊதாரித்தனமாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாம் பறிபோன பிறகும் கண்ணுக்கு அழகாக ஒன்று வேண்டும் என்று கேட்கிற மனம் இன்னும் பிழைத்திருந்ததற்கு அதுவே சாட்சி.

உதவித்தொகை கொடுத்த சட்டமோ ஈவிரக்கம் இல்லாதது. குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு தொகை குறையும், பிறகு நின்றும் போகும். இடையில் சின்ன வேலை ஏதாவது செய்து பிடிபட்டால் முழுவதும் ரத்து. மரம் வெட்ட உதவிவிட்டுக் கூலியாக விறகு வாங்கிக்கொண்ட ஒருவருக்கு உதவித்தொகை நிறுத்தப்பட்டது. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார முயன்றவரின் தலையில் அடித்து உட்காரவைத்துவிட்டு, பிறகு அவரைச் சோம்பேறி என்பதில் என்ன நியாயம்?

இந்த ஆய்வு 1933-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நூலாக வந்தது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு. ஆசிரியர்கள் யூதர்கள் என்பதால் அட்டையில் பெயரைக்கூடப் போடவில்லை. 1936-ல் ஆஸ்திரிய அரசு அரசியல் காரணத்துக்காக யஹோடாவைச் சிறையில் அடைத்தது. நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு 1937-ல் விடுவிக்கப்பட்ட அவர் இங்கிலாந்து போனார். 2001-ல் இறக்கும்வரை, வேலை மனிதனுக்கு என்ன தருகிறது என்ற கேள்வியை அவர் விடவே இல்லை.

அவர் கண்ட விடை எளிமையானது. நாம் வேலைக்குப் போவது சம்பளத்துக்காக. ஆனால் போகிற போக்கில், நாம் கேட்காமலேயே, வேலை வேறு சிலவற்றையும் நம் மடியில் போட்டுவிடுகிறது. நாளுக்கு ஒரு வடிவம் கிடைக்கிறது. குடும்பத்துக்கு வெளியே நாலு மனிதர்களின் முகம் பார்க்கக் கிடைக்கிறது. தனியாளாக முடியாத ஒரு பெரிய காரியத்தில் நம் கையும் இருக்கிறது என்ற உணர்வு கிடைக்கிறது. நான் யார் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் கிடைக்கிறது. மனம் வேண்டாம் என்றாலும் உடம்பை எழுப்பி நகர்த்தும் கட்டாயம் கிடைக்கிறது. வேலை போகும் நாளில் இவை அத்தனையும் ஒன்றாகப் போகின்றன. சம்பளம் நின்றது எல்லோருக்கும் தெரிகிறது. மற்றவை போனது போனவருக்கே தெரிவதில்லை. தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார். சுற்றியிருப்பவர்களும் அதையே சொன்னால், அவர் எங்கே போவார்?

பணத்தைக் கொடுத்துவிட்டால் மனம் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், மியான்மரிலிருந்து துரத்தப்பட்ட ரோஹிங்யா மக்கள் வாழும் அகதி முகாமில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 745 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வேலையும் கூலியும். இன்னொன்றுக்கு வேலை இல்லாமல் அதே அளவு பணம். மூன்றாவது ஒப்பீட்டுக்கு. வேலை பார்த்தவர்களின் மனச்சோர்வு குறைந்தது, மனநலம் நன்றாகவே தேறியது. பணம் மட்டும் பெற்றவர்களிடம் அந்தத் தேறுதல் இல்லை. வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், கூலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இன்னும் கொஞ்ச நாள் வேலை கொடுங்கள் என்றார்களாம். சொந்த மண், வீடு, குடியுரிமை எதுவும் இல்லாதவர்கள் அவர்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் "பணம் முக்கியம் இல்லை" என்ற முடிவுக்குப் போய்விட வேண்டாம். மரியென்தால் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் திறந்து பார்த்தார்கள் அந்த ஆய்வாளர்கள். உதவித்தொகை வரும் நாளுக்கு முந்தைய நாள் பலரிடம் வெறும் ரொட்டிதான் இருந்தது, சிலரிடம் அதுவும் இல்லை. ஊரில் நாயோ பூனையோ காணாமல் போனால் சொந்தக்காரர் தேடுவதைக்கூட விட்டுவிட்டார். யாரோ பசியில் தின்றிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். பசித்தவனிடம் போய் நாளுக்கு வடிவம் கொடு என்று சொல்வது கொடுமை. முதலில் சோறு.

அதேபோல, ஏதோ ஒரு வேலை கிடைத்தால் மனம் தானாகத் தேறிவிடும் என்பதும் சரியில்லை. ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகள் ஒரே குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த கணக்கெடுப்பிலிருந்து பீட்டர் பட்டர்வர்த் குழுவினர் 2011-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். நல்ல வேலைக்குப் போனவர்களின் மனநலம் உயர்ந்தது. ஆனால் கெடுபிடி அதிகமாகவும், தன் வேலையில் தனக்குச் சொல்லுரிமை இல்லாமலும், எப்போது போகுமோ என்ற பயத்தோடும் இருக்கிற மோசமான வேலைக்குப் போனவர்களின் மனநலம், வேலையில்லாமலே இருந்தவர்களைவிடக் கீழே இறங்கியது. "கிடைத்த வேலைக்குப் போக வேண்டியதுதானே" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஒப்பந்தத் தொழிலாளியாக, மாதக் கடைசியில் அடுத்த மாதம் உண்டா இல்லையா என்று தெரியாமல் விழித்துக் கிடக்கிறவரும் வேலையில் இருப்பவர் கணக்கில்தான் வருகிறார். அவருடைய தூக்கத்தை எந்தக் கணக்கும் எடுப்பதில்லை.

மனம் தேறக் கொஞ்சம் வேலையே போதும் என்பதும் தெரியவந்திருக்கிறது. பிரிட்டனில் 70,000-க்கும் அதிகமானோரின் 2009 முதல் 2018 வரையிலான விவரங்களை வைத்துப் பார்த்ததில், வேலையில்லாதவர் வாரத்துக்கு எட்டு மணி நேரம்வரை சம்பள வேலைக்கு மாறினாலே மனநலப் பாதிப்புக்கான ஆபத்து சராசரியாக 30 சதவீதம் குறைந்தது. அதற்கு மேல் மணிநேரம் கூடுவதால் மனத்துக்குக் கூடுதல் பலன் என்று ஒன்றும் பெரிதாகக் கிடைக்கவில்லை. வாரத்தில் ஒரே ஒரு நாள்! இருக்கிற வேலையைப் பலருக்குப் பகிர்ந்து கொடுப்பதைப் பற்றி யோசிக்கும் அரசுகளுக்கும் முதலாளிகளுக்கும் இது நல்ல செய்தி.

அந்தப் பழைய ஊருக்கே 2020-ல் ஒரு புதிய சோதனை வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு பொருளாதார அறிஞர்கள் வடிவமைத்து உதவ, கீழ் ஆஸ்திரிய மாநில வேலைவாய்ப்புத் துறை, கிராமட்நாய்சீடலில் ஓராண்டுக்கு மேல் வேலையில்லாமல் இருந்த ஒவ்வொருவருக்கும் வேலை உத்தரவாதம் தந்தது. கட்டாயம் கிடையாது. விருப்பமுள்ளவர்களுக்கு முதலில் சில வாரப் பயிற்சி, பிறகு முறையான சம்பளத்தோடு வேலை. மற்ற ஊர்க்காரர்களோடு ஒப்பிட்டபோது இவர்களுடைய வருமானம் மட்டும் உயரவில்லை. நாளுக்கு ஒழுங்கு வந்தது, மனிதத் தொடர்பு கூடியது, வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற தைரியம் வந்தது. யஹோடா எவையெல்லாம் போயின என்று எழுதினாரோ அவையே திரும்பி வந்தன. மூன்று வருடம், நான்கு வருடம் சும்மா இருந்து பழகியவர்களை இனி வேலைக்குப் பழக்க முடியாது என்று சொல்வோர் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நம் நாட்டில் 2005-ல் வந்த மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், கேட்ட 15 நாட்களுக்குள் வேலை தர வேண்டும், தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும் என்று எழுதிக்கொண்டு பிறந்தது. அந்தச் சட்டப்படி தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், அவர்களிலும் பலர் வயதானவர்கள். மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிவிட்டு வருகிறார்கள் என்று அவர்களைக் கேலி செய்யாத டீக்கடை உண்டா? மரியென்தாலைப் படித்த பிறகு அந்தக் கேலி எனக்குப் பொறுக்கவில்லை. விடிந்தால் கிளம்ப ஓர் இடம், பக்கத்தில் மண் சுமக்கச் சேக்காளிகள், தூர் வாரிய ஏரியில் தன் உழைப்பு, தன் பெயரில் வங்கிக் கணக்கு. மகன் வீட்டில் ஒதுங்கி உட்காரும் நிலைக்கு வந்த ஒரு மூதாட்டிக்கு இவை என்ன கொடுத்திருக்கும் என்று நாம் யோசித்துப் பார்ப்பதில்லை.

இனி அந்தக் கடிதம் எழுதிய அம்மாக்களுக்கும் சகோதரிகளுக்கும். உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. வீட்டின் சுமை முழுவதும் உங்கள் தலையில் இறங்கியிருக்கிறது. ஆனாலும் அவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். வேலை தேடினாயா என்று காலை, மாலை இரண்டு வேளையும் கேட்காதீர்கள். வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் போதும். வீட்டில் ஒரு பொறுப்பை முழுதாக அவரிடம் விடுங்கள். ரேஷன் கடையோ, பிள்ளைகளின் கணக்குப் பாடமோ, பெரியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப் போவதோ, எதுவானாலும் அவர் செய்யாவிட்டால் நடக்காது என்று இருக்க வேண்டும். உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அங்கே அவரிடம் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். ஆனால் பழைய நண்பர் ஒருவர் வந்து டீ குடிக்கக் கூப்பிட்டால், அந்த நண்பரை மறுபடியும் வரச் சொல்லுங்கள்.

வேலையில்லாமல் இதைப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே, சென்னை கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதி இருக்கிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கே நேரத்தோடு வந்து, பக்கத்து இருக்கைக்காரரோடு சாப்பாட்டைப் பகிர்ந்துகொண்டு, மாலையில் கிளம்புகிறார்கள். வீட்டிலேயே படிக்கக் கூடாதா என்று கேட்பவருக்கு அதன் அருமை தெரியாது. உங்கள் ஊர்க் கிளை நூலகம், விளையாட்டு மைதானம், தெரிந்தவர் கடை, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. குளித்து, உடை மாற்றிக்கொண்டு, ஒரு நேரத்தில் கிளம்பிப் போகிற இடம் ஒன்றைப் பிடித்துவையுங்கள். வேலை கிடைக்காதது உங்கள் தகுதிக் குறைவால்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரியென்தாலில் ஒரே நேரத்தில் ஊரார் அனைவரும் தகுதி இழந்துவிடவில்லை, ஆலைதான் மூடியது.

தூக்கம், பசி, செய்கிற காரியத்தில் நாட்டம் இவையெல்லாம் தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தாலோ, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறையேனும் வந்தாலோ, அதைச் சோர்வு என்று தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் யாருக்காவது தேவைப்படும் என்று தோன்றினால், அவருக்காக நீங்களும் அந்த எண்ணில் பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்